பேனா தூக்காத எழுத்து: மெல்லிய கையெழுத்து ஃபான்ட்டைப் பயன்படுத்தப் பழகுவோருக்கு

சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தேன். ஆங்கிலப் பக்கத்தில் பெண்ணின் பெயர் செல்வி. கொடி போலச் சுழலும் ஒரு கையெழுத்து ஃபான்ட்டில் போட்டிருந்தேன். திரையில் பார்க்க அவ்வளவு அழகு. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துத் தாத்தா ஒருவர் பத்திரிகையை வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பேரு லெல்வியா?" என்றார். பார்த்தால் எஸ் எழுத்தின் வளைவு அப்படியே எல் மாதிரி இருந்தது. பத்திரிகை மொத்தமும் அதற்குள் அச்சாகி வந்துவிட்டது.

அதற்கப்புறம் இந்த வகை ஃபான்ட்டைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஒரு பழக்கம். இதை எழுத்து என்று நினைக்க மாட்டேன். யாரோ பேனாவைத் தூக்காமல் இழுத்த கோடு என்று நினைத்துக்கொள்வேன். எதைச் செய்யப் போனாலும், "பேனா இதைச் செய்யுமா?" என்று கேட்டுப் பார்ப்பேன். செய்யாது என்றால் விட்டுவிடுவேன். கீழே சொல்லப் போகும் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

உதாரணத்துக்கு ஒரு ஃபான்ட் வேண்டும். கிரேட் வைப்ஸை எடுத்துக்கொள்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள்: கல்யாணப் பத்திரிகை, சான்றிதழ், அழகுக்கலை நிலையத்தின் விசிட்டிங் கார்டு, போட்டோவின் மூலையில் போட்டோகிராபர் பெயர். வரைந்தவர் அமெரிக்கரான ராபர்ட் லுஷ்கி. வாழ்த்து அட்டைகளுக்குக் கையால் எழுத்து வரைந்து தொழில் பழகியவர். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் எழுத்தின் உடம்பைப் பாருங்கள்

பள்ளியில் நான்கு கோடு நோட்டில் ஆங்கிலக் கூட்டெழுத்து எழுதியிருப்பீர்கள். ஏ, ஈ, என் போன்ற சின்ன எழுத்துகள் நடுவில் உள்ள இரண்டு கோட்டுக்குள் அடங்கும். எல், ஹெச் மேலே ஏறும். ஜி, ஒய் கீழே இறங்கும். மெல்லிய கையெழுத்து ஃபான்ட்களில் அந்த நடு இடைவெளி மிகவும் குறுகலாக இருக்கும். மேலேயும் கீழேயும் தாராளமாக இருக்கும். நளினம் என்று நாம் சொல்வது பாதிக்கு மேல் இந்த அளவு வித்தியாசம்தான். சிறிய அளவில் அச்சடித்தால் படிக்க முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இன்னொன்று தடிப்பு. கூரான நிப்பு அழுத்தினால் விரியும். கீழ்நோக்கி இழுக்கும்போது கை அழுத்தும், கோடு தடிக்கும். மேலே ஏறும்போது கை லேசாகும், கோடு மயிரிழையாகும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் லண்டனில் எழுதக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். சார்ல்ஸ் ஸ்னெல் அவர்களில் ஒருவர். அந்தக் கால ஆசிரியர்களின் கையெழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். காப்பர்பிளேட் என்ற பெயர் அப்படி வந்தது. இன்றைய பத்திரிகை ஃபான்ட்களில் பெரும்பாலானவை அந்தக் கையெழுத்தின் பேரப் பிள்ளைகள்.

ஈய எழுத்துக் காலத்தில் இதைக் கோப்பது பெரும்பாடு. ஒவ்வோர் எழுத்தும் ஒரு செவ்வகக் கட்டை. சாய்ந்த எழுத்தின் வால் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உடைந்துவிடும். ஒளிப்பட முறையில் எழுத்துக் கோக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தத் தடை விலகியது. 1960-களில் எழுத்து வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் அந்த முறைக்காகவே ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற ஃபான்ட்டை உருவாக்கினார். பெயரிலேயே பழைய ஆசிரியர் இருக்கிறார். 1998-இல் வந்த ஹெர்மன் ஸாப்ஃபின் ஸாப்ஃபினோ என்ற ஃபான்ட்டில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. கையால் எழுதும்போது யாருமே ஒரே எழுத்தை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதுவதில்லையே.

எல்லா மெல்லிய ஃபான்ட்டும் இந்தத் தடிப்பு மெலிவு வகை அல்ல. சாக்ரமென்டோவில் கோடு முழுக்க ஒரே தடிப்பு, பால்பாயின்ட் பேனாவில் எழுதியது போல. சில எழுத்துகள் ஒட்டும், சில ஒட்டாது. டான்சிங் ஸ்கிரிப்ட் இன்னும் சகஜமான, துள்ளும் கை. நான்கு தடிப்புகளில் வருகிறது. பின்யன் ஸ்கிரிப்ட் பழைய ஆங்கில ரவுண்ட்ஹேண்டுக்கு, அதாவது அந்த லண்டன் ஆசிரியர்களின் கையெழுத்துக்கு, மிக நெருக்கம். பாரிசியென் என்று ஒன்று உண்டு. 1960-களின் ஒரு உள்ளாடை விளம்பரத்தைப் பார்த்து உருவான எழுத்து அது. கல்யாணப் பத்திரிகையில் அதைப் போடுபவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை.

தேர்ந்தெடுப்பது: உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள்

ஃபான்ட் விற்கும் தளங்கள் காட்டும் மாதிரிப் படத்தை நம்ப வேண்டாம். அந்த ஃபான்ட்டுக்கு எந்தச் சொல் நன்றாக வருமோ அதைத்தான் போட்டிருப்பார்கள். நீங்கள் அச்சடிக்கப் போகும் பெயரை எழுதிப் பாருங்கள். முன்னோட்டப் பெட்டியில் தட்டச்சு செய்து பார்க்கும் வசதி பெரும்பாலான தளங்களில் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது சில இடங்களில் வழக்கமாகவே சிக்கல் வரும். முதலாவது ழகரம். கனிமொழி, யாழினி போன்ற பெயர்களில் இசட், ஹெச் சேர்ந்து வரும். கூட்டெழுத்தில் இசட்டுக்குக் கீழே ஒரு சுழி இருக்கும். பல ஃபான்ட்களில் அது ஜி போலவோ 3 போலவோ தெரியும். கனிமொழியை ஒருவர் "கனிமோகி" என்று படித்ததை நேரில் கேட்டிருக்கிறேன். அடுத்தது, அடுத்தடுத்து வரும் செங்குத்துக் கோடுகள். முனியம்மாள் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: எம், யு, என், ஐ... வேலிக் கம்பி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எது எந்த எழுத்து என்று எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புது ஃபான்ட் எது கிடைத்தாலும் நான் முதலில் அடித்துப் பார்க்கும் சொல் முனியம்மாள்தான். அதில் தேறினால் எல்லாவற்றிலும் தேறும்.

பெரிய எழுத்துகளில் எஸ்-எல், ஐ-ஜே, டி-எஃப் (T-F) ஜோடிகளைப் பாருங்கள். கியூ எழுத்து 2 போலத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பெயரை ஏற்கெனவே தெரிந்த உங்களுக்கு எப்படி எழுதினாலும் சரியாகத்தான் தெரியும். அதனால் பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தாத்தா செய்த வேலையை அச்சுக்கு முன்னாலேயே யாராவது செய்துவிட்டால் நல்லது.

எழுத்துக்கு எழுத்து ஒட்டும் இடத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஏ, என், எம் போன்ற எழுத்துகள் கீழ்க்கோட்டில் முடியும். ஓ, வி, டபிள்யூ, பி (b) ஆகியவை மேலே முடியும். மேலே முடிந்த எழுத்துக்குப் பின்னால் கீழே தொடங்கும் எழுத்து வந்தால் இணைப்பு எங்கே போகும்? நல்ல ஃபான்ட்டில் அதற்கென்று மாற்று எழுத்து இருக்கும், தானாகவே மாறிக்கொள்ளும். மட்டமான ஃபான்ட்டில் கோடு அந்தரத்தில் முறிந்து நிற்கும். விக்னேஸ்வரன், ரூபா, சரோஜா மாதிரி பெயர்களில் இதைச் சோதிக்கலாம்.

உரிமம்: ஒரு நிமிட வேலை

"இலவசம்" என்று எழுதியிருக்கும் ஃபான்ட்களில் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். காசு வாங்கிக்கொண்டு பத்திரிகை செய்து கொடுத்தாலோ, சோப்பு லேபிளில் போட்டாலோ அது வணிக உபயோகம். பதிவிறக்கும் கோப்புடன் ஒரு சின்ன உரைக் கோப்பு வரும். அதைத் திறந்து படியுங்கள். கிரேட் வைப்ஸ், சாக்ரமென்டோ, டான்சிங் ஸ்கிரிப்ட் எல்லாம் எஸ்.ஐ.எல். ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வருகின்றன: வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபான்ட்டை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

டெமோ என்று பெயரில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எண்களும் நிறுத்தற்குறிகளும் இல்லாத அரைகுறைக் கோப்பாக இருக்கலாம். பெயர் அழகாக வந்து, நடுவில் இருக்கும் "அண்ட்" (&) குறி மட்டும் வேறு ஃபான்ட்டில் போய் உட்கார்ந்திருக்கும்.

நிறுவுவது

சிப் கோப்பாக வரும். அதை முதலில் பிரித்துவிடுங்கள். சிப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிறுவப் பார்ப்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது. உள்ளே டி.டி.எஃப், ஓ.டி.எஃப் என்று இரண்டு வகை ஃபான்ட் கோப்பும் இருந்தால் ஏதாவது ஒன்று போதும். விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் நிறுவும் தேர்வு வரும். அங்கே எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு என்ற தேர்வும் இருந்தால் அதையே எடுங்கள். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய ஃபான்ட் சில மென்பொருள்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேக்கில் கோப்பை இருமுறை தட்டினால் ஃபான்ட் புக் பார்த்துக்கொள்ளும். வேர்டோ கோரல்டிராவோ திறந்திருந்தால் மூடித் திறக்கவும். கேன்வா போன்ற செயலிகளில் இந்த இலவச ஃபான்ட்கள் பல ஏற்கெனவே இருக்கின்றன, எதையும் நிறுவத் தேவையில்லை.

தட்டச்சு செய்யும்போது பேனாவை மறக்காதீர்கள்

இங்கேதான் அதிகத் தப்பு நடக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடாதீர்கள். கூட்டெழுத்தில் பெரிய எழுத்து என்பது ஒரு சொல்லின் வாசல் வளைவு. வாசலை மட்டும் வரிசையாக ஏழெட்டு கட்டி வைத்தால் வீடு எங்கே? கேப்ஸ் லாக்கை அணைத்துவிட்டு, முதல் எழுத்து மட்டும் பெரிது, மற்றவை சிறிது என்று அடியுங்கள்.

நமக்கென்றே ஒரு சிக்கல் இதில் இருக்கிறது: இனிஷியல். கே.ஆர்.எஸ். என்று மூன்று இனிஷியல் உள்ளவரின் பெயரைக் கிரேட் வைப்ஸில் போட்டால் மூன்று சுழல் வளைவுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதற்கப்புறம்தான் பெயர் தொடங்கும். பட்டங்கள் அதைவிட மோசம். பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று கையெழுத்து ஃபான்ட்டில் போட்ட பத்திரிகைகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலாவது பட்டத்தைப் படிக்க முடிந்ததாக நினைவில்லை. இத்தனை வருடம் படித்து வாங்கியது அது. இனிஷியலையும் பட்டத்தையும் பக்கத்தில் ஒரு சாதாரண ஃபான்ட்டில், சின்னதாக, நேராகப் போடுங்கள். பெயர் மட்டும் கையெழுத்தில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். அச்சடித்துக் காட்டினால் சரி என்பார்கள்.

எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள். கூட்டினால் இணைப்புகள் முறியும், கொடியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும். இடைவெளி அளவு பூச்சியத்தில் இருக்க வேண்டும். கேன்வாவில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வார்ப்புருவில் ஃபான்ட்டை மட்டும் மாற்றினால், பழைய ஃபான்ட்டுக்கு வைத்த இடைவெளி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்; அதைப் பார்த்துச் சரி செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கெர்னிங், அதாவது இரண்டு எழுத்துக்கு நடுவில் உள்ள இடைவெளி, ஆப்டிகல் என்று இருந்தால் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஆப்டிகல் தன் கண்ணுக்குப் பட்டபடி இடைவெளியை மாற்றி, வடிவமைத்தவர் அளந்து வைத்த இணைப்பைக் கெடுத்துவிடும்.

பி பொத்தானை அழுத்தாதீர்கள். கிரேட் வைப்ஸுக்கு ஒரே தடிப்புதான் உண்டு. தடிமனாக்கச் சொன்னால் மென்பொருள் தானாகவே எழுத்தைச் சுற்றிக் கொழுப்பு ஏற்றும். மயிரிழையும் தடிக்கும், தடித்த கோடும் தடிக்கும், எழுத்தின் உள்வட்டங்கள் அடைபடும். தடிப்பு வேண்டுமென்றால் டான்சிங் ஸ்கிரிப்ட் போலப் பல தடிப்பு உள்ள ஃபான்ட்டுக்குப் போய்விடுங்கள். சாய்ப்புப் பொத்தானும் வேண்டாம், எழுத்து ஏற்கெனவே சாய்ந்துதான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று பக்கவாட்டில் நசுக்கவும் வேண்டாம்.

மாற்று எழுத்துகள் எங்கே இருக்கின்றன? வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்து அட்வான்ஸ்ட் தாவலுக்குப் போனால் லிகேச்சர் (சேர்ந்த எழுத்து), ஸ்டைலிஸ்டிக் செட் (வேறு பாணி வடிவங்கள்), கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் (பக்கத்து எழுத்தைப் பார்த்து மாறும் வடிவங்கள்) என்று தேர்வுகள் இருக்கும். கெர்னிங் பெட்டியில் டிக் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் கிளிஃப்ஸ் பலகையைத் திறந்தால் ஃபான்ட்டுக்குள் இருக்கும் எல்லா வடிவங்களும் வரிசையாகத் தெரியும். நீண்ட வால், சுழிந்த தலை என்று அங்கே புதையலே கிடைக்கும். ஆனால் ஒரு பெயருக்கு ஒரு அலங்காரம் போதும், முதல் எழுத்திலோ கடைசி எழுத்திலோ. என் அனுபவத்தில், இரண்டாவது வால் வரும்போதே முதல் வால் அழகு கெட்டுவிடுகிறது.

நீண்ட பெயர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மீனாட்சிசுந்தரம் ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து. மணமகளின் பெயர் ரம்யா என்றால் ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் சைக்கிள். இரண்டையும் ஒரே வரியில் வைக்காமல் மேலும் கீழுமாக வையுங்கள். வைக்கும்போது மேல் வரியின் ஒய், ஜி வால்கள் கீழ் வரியின் ஹெச், எல் தலைகளில் இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்டுவது ஒரு வழி. கீழ் வரியை அப்படியே கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி, வால் இறங்கும் இடத்தில் தலை வராமல் செய்வது அதைவிட அழகு. கையால் எழுதுபவரும் அதைத்தானே செய்வார்.

அளவும் நிறமும்

நடு இடைவெளி குறுகல் என்று சொன்னேன் அல்லவா? அதனால் 12 பாயின்ட் கையெழுத்து ஃபான்ட், 12 பாயின்ட் சாதாரண ஃபான்ட்டின் பக்கத்தில் எறும்பு மாதிரி இருக்கும். இரண்டு மடங்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள். திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். சாதாரணத் தாளில் அசல் அளவில் ஒரு நகல் எடுத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள். படிக்க முடியவில்லை என்றால் அளவைக் கூட்டுங்கள். கூட்ட இடமில்லை என்றால் அந்த வரிக்கு அந்த ஃபான்ட் கிடையாது.

திரைக்காகச் செய்கிறீர்கள் என்றால் நிற வேறுபாட்டைப் பாருங்கள். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலின்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். 24 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள பெரிய எழுத்துக்கு 3:1 போதும். மயிரிழை எழுத்துக்கு அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொள்வதில்லை. அளவில் பெரிதாக இருந்தாலும் கோடு மெல்லியதுதானே. இளம் ரோஜா நிறப் பின்னணியில் தங்க நிற எழுத்து எல்லோருக்கும் பிடிக்கும், யாருக்கும் தெரியாது. போட்டோவின் மேல் போடுவதென்றால் வானம், சுவர், மணல் போன்ற வெறுமையான இடத்தைத் தேடுங்கள். இலைகளுக்கு மேல் போட்டால் கொடியோடு கொடி கலந்துவிடும்.

தமிழோடு சேர்க்கும்போது

கிரேட் வைப்ஸில் தமிழ் எழுத்து இல்லை. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு யுனிகோடில் தமிழ் அடித்தால் விண்டோஸ் நிர்மலா போன்ற ஏதாவது ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும். "தமிழுக்கு மட்டும் ஃபான்ட் மாறவே மாட்டேன் என்கிறது" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். பாமினி போன்ற பழைய முறையில் அடித்திருந்தால் வேறு விதமான கூத்து நடக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஃபான்ட்தான் அவற்றைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிக்குக் கிரேட் வைப்ஸைக் கொடுத்தால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று சுழித்துக்கொண்டு நிற்கும், வெகு அழகாக.

தமிழ் எழுத்துகள் இயல்பில் ஒட்டி வருபவை அல்ல. அவசரத்தில் எழுதும் கடிதத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் ஆங்கிலக் கூட்டெழுத்தைப் போலவே தமிழும் வேண்டும் என்று தேடிப் போனால் வலிந்து வளைத்த எழுத்துகள்தான் மாட்டும். தமிழ் ஃபான்ட்டைச் செயற்கையாகச் சாய்ப்பதும் வேண்டாம். கையால் எழுதிய சாயல் தேவையென்றால் கவிவாணர் இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் செய்தது, சாய்வும் கையெழுத்துத் தன்மையும் அதன் வடிவத்திலேயே உள்ளன. ஆனால் அது பேச்சு நடையில் எழுதும் கை; கிரேட் வைப்ஸின் பட்டாடை அதற்குப் பொருந்தாது. டான்சிங் ஸ்கிரிப்ட் போன்ற சகஜமான ஃபான்ட்டோடு சேர்த்தால் ஒத்துப்போகும்.

கிரேட் வைப்ஸுக்குப் பக்கத்தில் நான் வைப்பது அமைதியான, மெல்லிய தமிழ் ஃபான்ட். பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் ஒன்பது தடிப்புகளில் வருகிறது; அதன் மெல்லிய இரண்டு மூன்று தடிப்புகள் மயிரிழையோடு சண்டை போடுவதில்லை. அரிமா என்ற ஃபான்ட்டில் எழுத்தின் முனைகள் மழுங்கி மென்மையாக இருக்கும், அதுவும் சரிப்படும். ஆடம்பரத் தமிழ், ஆடம்பர ஆங்கிலம் இரண்டும் ஒரே பக்கத்தில் வேண்டாம். ஒரே மேடையில் இரண்டு நாதஸ்வரம் ஆளுக்கொரு ராகம் வாசிப்பது போல் இருக்கும்.

முகூர்த்த நேரம், மண்டப முகவரி, போன் நம்பர், வழி எல்லாம் நேரான ஃபான்ட்டில். இதில் விவாதமே இல்லை. 1-ஐ 7 என்று படித்துவிட்டு ஒருவர் முகூர்த்தத்தைத் தவறவிட்டால் திருப்பிக் கூப்பிட முடியுமா?

அச்சுக்கு அனுப்பும் முன்

சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடை ஏறினாலும், சிவகாசிக்கு அனுப்பினாலும், முதலில் கேட்பது ஒன்றுதான்: "கர்வ் பண்ணிட்டீங்களா?" அவர்களுடைய கம்ப்யூட்டரில் உங்கள் ஃபான்ட் இருக்காது. எழுத்தைப் படமாக, அதாவது வெறும் வளைகோடுகளாக மாற்றி அனுப்ப வேண்டும். கோரல்டிராவில் கன்ட்ரோல் பொத்தானோடு கியூவை அழுத்தினால் முடிந்தது; இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. திருத்தக்கூடிய கோப்பு ஒன்றை வேறு பெயரில் பத்திரமாக வைத்துவிட்டு மாற்றுங்கள். நள்ளிரவில் பெரியப்பா போன் செய்து, "பேர்ல ஒரு ஹெச் சேர்க்கணுமாம்" என்று சொல்லும்போது அந்தக் கோப்பின் அருமை தெரியும்.

கறுப்பு எழுத்து என்றால் கறுப்பு மை மட்டும், நூறு சதவீதம். நான்கு நிறமும் கலந்த கறுப்பாக இருந்தால், அச்சில் தகடுகள் ஒரு நூலிழை விலகினாலும் மயிரிழைக் கோட்டுக்கு நிற நிழல் விழும். அச்சகங்கள் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சக் கோட்டுத் தடிப்பு 0.25 பாயின்ட், அதாவது சுமார் 0.09 மில்லிமீட்டர். அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து விடுவதானால் இரண்டு மடங்கு வேண்டும், ஏனென்றால் சுற்றியுள்ள மை உள்ளே கசிந்து கோட்டைத் தின்றுவிடும். தங்கத் தாள் ஒட்டும் ஃபாயில் வேலைக்கு இதைவிடத் தடிப்பு தேவை. சொரசொரப்பான கையால் செய்த தாளில் மேடு பள்ளம் இருப்பதால் மெல்லிய கோடு பள்ளத்தில் விழுந்து காணாமல் போகும். அங்கெல்லாம் கிரேட் வைப்ஸை விட்டுவிட்டு, ஒரே தடிப்புள்ள சாக்ரமென்டோ வகைக்குப் போங்கள். எதுவானாலும் அதே தாளில் ஒரு மாதிரி அடித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்துக்கும் சரி சொல்ல வேண்டும்.

வேறு எங்கெல்லாம் உதவும்

சான்றிதழில் பெயர், தாம்பூலப் பையில் கட்டும் சின்ன அட்டை, வீட்டில் செய்யும் சோப்பு, சாக்லேட் லேபிளில் பிராண்ட் பெயர் போன்றவற்றுக்கு இது அருமையாக உதவும். அதே லேபிளில் காலாவதித் தேதிக்கும் பொருள் பட்டியலுக்கும் கூடாது. சாலையிலிருந்து படிக்க வேண்டிய கடைப் பலகைக்கும் கூடாது. வண்டியில் போகிறவர் சுழிகளை ரசித்துக்கொண்டா போவார்?

இன்ஸ்டாகிராம் பயோவில் சிலர் சுழித்த ஆங்கில எழுத்து போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஃபான்ட்டே இல்லை. யுனிகோடில் கணிதக் குறியீடுகளுக்காக ஒதுக்கிய எழுத்துகள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை ஒழுங்காகப் படிக்காது, தேடினாலும் உங்கள் பெயர் அகப்படாமல் போகலாம். அங்கே சாதாரண எழுத்தே நல்லது.

கல்யாணப் பிளவுஸில் ஆரி வேலையாகப் பெயர் போடுவது இப்போது சகஜம். நூலுக்கும் மணிக்கும் ஒரு தடிப்பு உண்டு, மயிரிழை அங்கே சாத்தியமில்லை. வரைபடம் கொடுக்கும்போது ஒற்றைக் கோடாகவே கொடுங்கள், தடிப்பை அவர்கள் தையலில் கொண்டுவருவார்கள்.

லேசரில் பெயர் வெட்டுவதும் ஸ்டிக்கர் வெட்டுவதும் வேறு கதை. திரையில் ஒட்டியிருப்பது போலத் தெரியும் எழுத்துகள் உண்மையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் தனித்தனி வடிவங்கள். அப்படியே கொடுத்தால் இயந்திரம் ஒவ்வொன்றின் விளிம்பையும் வெட்டும், பெயர் துண்டுகளாக வரும். கர்வ் ஆக்கிய பிறகு கோரல்டிராவில் வெல்ட், இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் யுனைட் கொடுத்து ஒரே உடம்பாக்க வேண்டும். எழுத்துக்கு வெளிக்கோடு போடும்போதும், பாதி ஒளி ஊடுருவும்படி வைக்கும்போதும் இணைப்புகளில் கறை மாதிரித் தெரிந்தால் அதற்கும் இதுவே மருந்து. மெல்லிய இணைப்புகள் அக்ரிலிக்கில் ஒடியும், அந்த இடங்களை மட்டும் கொஞ்சம் தடிக்கச் செய்ய வேண்டும்.

அப்புறம், ஐ எழுத்தின் தலைமேல் உள்ள புள்ளி. தாளில் அது பெயரோடு இருக்கும். வெட்டி எடுத்தால் எதோடும் ஒட்டாமல் தனியாக விழுந்துவிடும். செல்வியின் வளைகாப்பு கேக்கில் குத்தி வைக்க அக்ரிலிக்கில் பெயர் வெட்டினோம். அவள் பெயர் ஐ எழுத்தில்தான் முடிகிறது. புள்ளியைக் கீழே இறக்கித் தண்டோடு ஒட்டினேன். எஸ் எழுத்தை மூன்று பேரிடம் காட்டி, மூன்று பேரும் எஸ் என்று சொன்ன பிறகுதான் வெட்டக் கொடுத்தேன்.